தோட்டத்துல இருந்துகிட்டே ஐசியில (அடையாள அட்டையில) பெண்ணுன்னு மாத்த முடியுமா?

மேட்டுலயத்துப் பிள்ளை:

அக்காமாருக்கு வணக்கம். எனக்கு 24 வயசு. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல அம்மாவோட லயத்து வீட்டுல இருக்கேன். நான் பொம்பளப் பிள்ளைன்னு அம்மாவுக்கு மனசுல தெரியும். ஆனா ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல.

செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலையாள் பதிவுல, ஆம்பளையாத்தான் பேர் பதிஞ்சிருக்கு. அதனால கவ்வாத்து (செடி வெட்டுறது), மருந்தடி, கான் வெட்டுன்னு ஆம்பளை வேலைதான் போடுவாங்க, கொழுந்து எடுக்க விட மாட்டாங்க. போன மாசம் அம்மாவுக்குக் காய்ச்சல். அவங்க படங்குச் சீலையை இடுப்புல கட்டி, கூடையை மாட்டிக்கிட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன். அம்மா எடுக்கிறதை விட ரெண்டு கிலோ கூடவே எடுத்தேன். மடுவத்துல (கொழுந்து நிறுக்கிற கொட்டகையில) நிறுக்கிற நேரம் கணக்குப்பிள்ளை "ஆம்பளைக்கு என்னடா கூடை"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கத்தினார். தராசு முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னைக்குத்தான் ஐசியை மாத்தணும்னு முடிவெடுத்தேன்.

எங்க போகணும்? ஆபரேஷன் செஞ்சாத்தான் தருவாங்களா? தோட்டத்துக்குத் தெரியாம செய்யலாமா?

இன்னொண்ணு. உடம்பு பொம்பளை மாதிரி ஆகணும்னு நாலு மாசமா டவுன் பாமசியில குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கி, நாளைக்கு ரெண்டு போடுறேன். ஒரு வாரமா வலது கெண்டைக்கால் வலி. கவ்வாத்து மலையில சறுக்கினதால இருக்குமோ?

ரதி அக்கா, கண்டி:

தங்கச்சி, ஐசி கிடக்கட்டும். முதல்ல காலைப் பாரு. ரெண்டு கெண்டைக்காலையும் நூலால சுத்தி அளந்து பாரு. வலிக்கிற கால் வீங்கி, தொட்டா சுடுதுன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த மாத்திரையில இருக்கிற எதினைல் ஈஸ்ட்ரடையோல்ங்கிற பொம்பளை ஓமோன் கால் ரத்தக் குழாய்ல ரத்தத்தைக் கட்டியாக்கலாம். நீ ரெண்டு ரெண்டா வேற போட்டிருக்க. கட்டி நெஞ்சுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா 1990க்கு அடி, ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். டாக்டர்கிட்ட "சறுக்கி விழுந்தேன்"னு மட்டும் சொல்லிட்டு வராத. என்ன மாத்திரை, எத்தனைன்னு சொல்லு. வெக்கப்பட்டு மறைச்ச பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கிளினிக்ல தர்றது வேற ஈஸ்ட்ரடையோல். ஆம்பளை ஓமோனைக் குறைக்க ஸ்பைரோனோலக்டோனும் தரலாம். அது அடிக்கடி ஒண்ணுக்கு வர வைக்கும். மலையில கக்கூஸ் எங்க இருக்கு? நான் தண்ணி குடிக்காமலே வேலை செஞ்சு மயங்கி விழுந்திருக்கேன். நீ அப்படிச் செய்யாத. பொட்டாசியமும் கூடும், ரத்தம் சோதிக்கணும்.

இப்ப ஐசி. 2016ல இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை போட்டுச்சு. அதுப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ்னு ஒண்ணு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போகணும். பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு பயப்படாத, அந்தச் சான்றிதழுக்கு வழி அங்கதான் தொடங்குது. எனக்கு ஆபரேஷன் செய்யாமலேதான் தந்தாங்க. ஆறு தடவை போனேன், எட்டு மாசமாச்சு. முதல் தடவை வராந்தா முழுக்கக் கேக்கிற மாதிரி என் பழைய பேரைக் கூப்பிட்டாங்க. எழும்பிப் போகக் கால் வரல. அடுத்த தடவையிலிருந்து கிளினிக் கொப்பிக்குள்ள "தயவுசெய்து ரதின்னு கூப்பிடுங்க"ன்னு துண்டு எழுதி வச்சேன். ஒரு நர்ஸ் மிஸ் அதை வாசிச்சிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாங்க. பிறகு அந்த மிஸ் இருந்த நாளெல்லாம் ரதிதான்.

சான்றிதழோட பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட பிறப்புப் பதிவைத் திருத்தக் குடு. அதுக்குப் பிறகுதான் ஐசி. ஐசியில நம்பரே மாறும், அதை யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. பிறந்த நாள் வருஷத்துல எத்தனையாவது நாளோ அந்த எண் ஐசி நம்பர்ல இருக்கும், பொம்பளைக்கு அதோட 500 கூட்டுவாங்க. பெப்ரவரி 14ல பிறந்த ஆணுக்கு 045, பெண்ணுக்கு 545. அதனால பேங்க் புத்தகம், சேமலாப நிதி எல்லாம் பழைய நம்பர்ல மாட்டிக்கிட்டு நிக்கும். பழைய ஐசியைக் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோப் பிரதி எடுத்து வை. நான் எடுக்காம, சேமலாப நிதிக்காக ஒன்றரை வருஷம் அலைஞ்சேன்.

தோட்டத்துக்குத் தெரியாம செய்யிறது கஷ்டம். தோட்டத்து ஆளுக்கு ஐசி விண்ணப்பத்தைத் தோட்டத்துரை (மேனேஜர்) உறுதிப்படுத்தலாம், கிராம சேவகரும் உறுதிப்படுத்தலாம். நான் கிராம சேவகர்கிட்டத்தான் போனேன்.

என் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்ப. மாசி மாசம் எங்க தோட்டத்துக் காமன் கூத்துல மூணு வருஷம் நான்தான் ரதி. வேஷம் கட்டி நின்னா பெரியவங்க கூட கும்பிடுவாங்க. கூத்து முடிஞ்ச கிழமையே, கும்பிட்ட ஒருத்தர் பஸ்ல என்னை அலின்னு சொன்னார். அந்தப் பேரை நான் விடல. ஐசியிலயும் அதுதான் இருக்கு.

சட்டம் படிக்கிறவன், பண்டாரவளை:

ரதி அக்கா சொன்னதோட இதையும் வச்சுக்கங்க. திருநங்கையா இருக்கிறது எந்தச் சட்டத்துலயும் குற்றமில்ல. பஸ் ஸ்டாண்டுல பிடிச்சா பொலிஸ் பெரும்பாலும் காட்டுறது அலைஞ்சு திரியிறவங்களைப் பத்தின 1841ஆம் ஆண்டு வேக்ரன்ஸ் சட்டத்தையும், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்க எடுக்கிற 1883 தண்டனைச் சட்டக்கோவையோட 365, 365அ பிரிவுகளையும்தான். அந்த ரெண்டு பிரிவையும் திருத்த வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லன்னு உயர் நீதிமன்றம் 2023ல சொல்லிருச்சு. அலைக்கழிச்சா, அடிச்சா மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996ங்கிற நம்பர்ல கோல் எடுத்துச் சொல்லுங்க. தமிழ்லயே பேசுங்க.

மேட்டுலயத்துப் பிள்ளை:

அக்கா, நூலால அளந்தேன். வலது கால் மூணு விரக்கடை கூட. அன்னைக்கு ராத்திரியே போனேன், ஸ்கான் பண்ணினாங்க, கட்டிதான். மாத்திரையை நிப்பாட்டிட்டு வயித்துல ஊசி போடுறாங்க. ஆம்பளை வார்டுலதான் கட்டில். ஒரு மிஸ் மூலையில போட்டு திரை இழுத்து விட்டாங்க.

அம்மா பிளாஸ்க்ல தேத்தண்ணி கொண்டு வந்தாங்க. பக்கத்துக் கட்டில் ஐயா "மகனா?"ன்னு கேட்டார். அம்மா கொஞ்சம் நேரம் பேசல. பிறகு "மூத்த பிள்ளை"ன்னாங்க.

ரதி அக்கா, கண்டி:

டிஸ்சார்ஜ் துண்டைக் கவனமா வை. ஓமோன் டாக்டர் கட்டி வந்ததைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தை முடிவெடுப்பார், அதுவரைக்கும் ஒரு மாத்திரையும் தொடாத. கால் சரியானதும் முதல் பஸ்ல வா, கம்பளை தாண்டினதும் கோல் அடி. பேராதனையில நிப்பேன். அம்மா வர்றதா இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வா.