மணல் நிலத்தில் சிலாப் போட மரமுட்டா, இரும்பு ஜக்கா?

உப்புவெளிவாசி:
உப்புவெளியில் எமது வீட்டின் மேல்தளத்துக்குச் சிலாப் போடவிருக்கிறோம். பரப்பு ஏறக்குறைய 900 சதுர அடி, தடிப்பு 5 அங்குலம், உயரம் 10 அடி. கம்பும் பலகையும் தன்னிடமே இருப்பதால் அவற்றுக்கு வாடகை தேவையில்லை என்றும், இரும்பு ஜக்கும் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரும்பு முட்டு) பிளைவூட்டும் எடுத்தால் நாள்வாடகை ஏறும் என்பதால் ஏழாம் நாளே எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றும் மேசன் கூறுகிறார். நிலமோ முழுவதும் மணல். எதைத் தெரிவுசெய்வது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பழைய மேற்பார்வையாளர்:
மரமா இரும்பா என்பதற்கு முன்னர் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கம்பியுடன் கூடிய ஈரக் கொங்கிறீற்று ஒரு கனமீற்றருக்குச் சுமார் 2,500 கிலோ எடையுள்ளது. எனவே 5 அங்குலச் சிலாப் சதுரமீற்றருக்கு 320 கிலோவை அண்மிக்கும். அதன்மேல் நிற்கும் ஆட்கள், தள்ளுவண்டி, பலகையின் எடை ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 500 கிலோ வரும். முட்டுகளை இரு திசைகளிலும் 4 அடிக்கு ஒன்றாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 740 கிலோவைத் தாங்கவேண்டும்.

அந்த 740 கிலோவும் ஓர் அரையடிச் சதுரத் தட்டு வழியாக உங்கள் மணலுக்குள் இறங்கும் என்பதே இங்குள்ள சிக்கல். கொங்கிறீற்று ஊற்றும்போது ஒரு முட்டு அரை அங்குலம் புதைந்தாலும் அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போய்விடும். ஆகவே மணலை நனைத்து நன்றாக இடித்துவிட்டு, முட்டு வரிசை நெடுகிலும் 9 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள பலகையைப் படுக்கவைத்து, அதன்மேலேயே முட்டுகளை நிறுத்துங்கள். உடைந்த செங்கல்லையோ புளொக் கல்லையோ அடியில் வைக்க ஒருபோதும் இடங்கொடுக்காதீர்கள். நம் ஊரில் அதுவே பெரும்பாலும் நடக்கிறது.

கிண்ணியா பொறியியலாளர்:
மேலே கூறப்பட்டது சரி. எனது தெரிவு இரும்பு ஜக். 10 அடி உயரத்துக்கு இரண்டாம் இலக்க ஜக் போதும், அது 1.98 மீற்றரிலிருந்து 3.35 மீற்றர்வரை நீளும். ஆனால் வாடகைக்கு வருவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கவேண்டும். வளைந்த குழாயையும், கடற்காற்றில் துருப்பிடித்துப் புரி தேய்ந்ததையும் திருப்பி அனுப்புங்கள். சங்கிலியில் தொங்கவேண்டிய உயர்வலு ஊசி தொலைந்துபோய், அதற்குப் பதிலாக வெட்டிய கம்பித் துண்டு செருகப்பட்டிருந்தால் அந்த ஜக்கைத் தொடவே வேண்டாம். சுமை முழுவதும் அந்த ஓர் ஊசியில்தான் நிற்கிறது. ஜக்குகள் தூக்குநூலுக்கு நேராக நிற்கவேண்டும். இரு திசைகளிலும் குறுக்குக் குழாய்களைக் கிளிப் போட்டு இணைக்கவேண்டும்.

கழற்றும் நாளைப் பொறுத்தவரை, இங்கு நாம் நெடுங்காலம் பின்பற்றிய கொங்கிறீற்றுக் கட்டுமானத்துக்கான பிரித்தானிய நியமம் 8110, வெப்பநிலை 16 பாகை செல்சியஸுக்கு மேலிருந்தால், சிலாப்பின் அடிப்பலகைக்கு 4 நாளும், சிலாப் முட்டுக்கும் வளையின் (பீமின்) அடிப்பலகைக்கும் 10 நாளும், வளை முட்டுக்கு 14 நாளும் கூறுகிறது. அது சாதாரண போட்லன்ட் சீமெந்துக்குரியது. கலப்புச் சீமெந்து மெதுவாகவே வலுப்பெறும் என்பதால், பையிலுள்ள வகையைப் பார்த்து அதற்கேற்பக் கூடுதல் நாள் விடுங்கள். ஏழாம் நாளில் எல்லாவற்றையும் உருவுவது எனக்கு உடன்பாடில்லை.

உப்புவெளிவாசி:
மிக்க நன்றி. அப்படியானால் 900 சதுர அடிக்குரிய பிளைவூட்டுக்கும் இரண்டு வாரத்துக்குமேல் வாடகை கட்டவேண்டுமா?

கிண்ணியா பொறியியலாளர்:
தேவையில்லை. தொடக்கத்திலேயே முட்டு வரிசைகளின்மேல் ஒடுக்கமான பிளைவூட் பட்டிகளைத் தனியாக அமைத்துவிட்டால், இடையிலுள்ள பெரிய தகடுகளை முதலில் கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம். பட்டியும் அதைத் தாங்கும் ஜக்கும் அசையாமல் நிற்கும். கழற்றிவிட்டு மீண்டும் முட்டுக் கொடுப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் அந்த இடைவெளியில் சிலாப் தன் எடையைத் தானே சுமந்துவிடும்.

பழைய மேற்பார்வையாளர்:
ஒன்றை மறந்துவிட்டேன். பலகைக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவார்கள். அது சிலாப்பின் அடியில் கறையாகி, பின்னர் பூச்சு ஒட்டாமற் செய்யும். அச்சுக்குரிய ஒயிலையே, அதுவும் கம்பி கட்டுவதற்கு முன்னர், மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். போர்ட்டிக்கோ போல வெளியே நீண்ட சிலாப் இருந்தால், அதன் முட்டுகளை நுனியிலிருந்து சுவர்ப்பக்கமாகவே கழற்றவேண்டும்.