புது மாதிரி கோல்ஃப் டீ வைத்து அடித்தால் டிரைவ் உண்மையிலேயே கூடுமா?

ஞாயிறுகாலை:
வணக்கம் நண்பர்களே. கோல்ஃப் ஆட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள்தான் ஆட்டம். டிரைவ், அதாவது தூரத்துக்கு அடிக்கும் முதல் அடி, நன்றாகப் பட்டால் 200 யார்டு வரும், ஆனால் பத்தில் ஆறு பந்து தாழ்வாகக் கிளம்பி வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. போன வாரம் கூட ஆடுகிறவர் ஒருவர் பிளாஸ்டிக் டீ (பந்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கும் சின்ன ஆணி) ஒன்று கொடுத்தார். மர டீயில் மேலே சின்னக் கிண்ணம் மாதிரி இருக்குமே, அதற்குப் பதிலாக இதில் மூன்று காம்பு, பந்து அந்த மூன்று முனையில் மட்டும் உட்காருகிறது. உராய்வு குறையும், அதனால் தூரம் கூடும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். நான்கு பந்து அடித்துப் பார்த்தேன், இரண்டு அருமையாகப் போனது, அது டீயினாலா அல்லது அன்றைக்குக் கை நன்றாக ஓடியதாலா என்று தெரியவில்லை. ஒரு பாக்கெட் 400 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? போட்டியில் வைத்து ஆட விடுவார்களா?

ஏழாம்அயர்ன்:
காசைக் கொடுக்கும் முன்னால் ஒன்று யோசியுங்கள். நான் அந்த மூன்று காம்பு டீயும் வாங்கினேன், தூரிகை மாதிரி மயிர்க்கற்றை மேல் பந்தை வைக்கும் டீயும் வாங்கினேன். முதல் ஒரு மாதம் பத்து யார்டு கூடியது போலத்தான் தோன்றியது. அப்புறம் பயிற்சி ரேஞ்சில் ஒரு பந்து மர டீ, ஒரு பந்து புது டீ என்று மாற்றி மாற்றி நாற்பது அடித்தேன், சொல்லும்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வேறு ஒரு நன்மை உண்டு. மே மாதம் தரை கல்லாக இருக்கும்போது மர டீயை அழுத்தினால் பட்டென்று கழுத்தில் உடையும், எங்கள் கேடி (மட்டைப் பை தூக்கி வரும் உதவியாளர்) ஒரு திருப்புளியால் முதலில் ஓட்டை போட்டுத்தான் டீயை நடுவார். ஒரு பிளாஸ்டிக் டீ இரண்டு மூன்று ரவுண்டு தாங்கும். அதற்காக வாங்கினால் சரி.

பந்தும்விசையும்:
சார், கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். டிரைவர் (தூர அடிக்கான பெரிய மட்டை) தலை ஏறக்குறைய 200 கிராம், பந்து விதிப்படி அதிகபட்சம் 45.93 கிராம், டீ இரண்டு மூன்று கிராம். பந்தும் ஃபேஸும் (மட்டைத் தலையில் பந்தில் படும் முகப்பு) ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. டிரைவர் பந்தை மேல்நோக்கித்தான் கிளப்புகிறது, அதாவது அடி விழுந்த உடனே பந்து டீயை விட்டு எழுந்துவிடுகிறது, அதற்குள் டீயின் விளிம்பு எவ்வளவு உராய்ந்துவிட முடியும்? மிச்சமாகும் உராய்வு பெயருக்குத்தான்.

டீயால் பெரிய வித்தியாசம் வருவது உயரத்தில். ஃபேஸின் நடுவுக்குச் சற்று மேலே பட்டால் பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழல் குறையும், இரண்டும் சேர்ந்துதான் தூரம். நடுவுக்குக் கீழே பட்டால் நேர் எதிர், தாழ்வாகப் போய்ச் சுழல் ஏறித் தூரம் சாகும். நீங்கள் சொல்லும் தாழ்வான பந்து இதுதான் என்பது என் ஊகம். டிரைவரைத் தரையில் வைத்தால் அதன் தலைக்கு மேல் பாதிப் பந்து தெரிகிற அளவு டீயை விடுங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். வெள்ளைப் பலகை மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்து அடியுங்கள், ஃபேஸில் எங்கே பட்டது என்று அச்சாக விழும். வலப்பக்க வளைவு முக்கியமாக ஃபேஸ் திறந்திருப்பதால் வருவது, அதை எந்த டீயும் திருத்தாது.

விதியைக் கேட்டீர்கள். டீ நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அடிக்கும் திசையைக் காட்டக் கூடாது, பந்தின் போக்கைப் பாதிக்கும்படி வடிவமைத்திருக்கவும் கூடாது. மூன்று காம்பு டீ, தூரிகை டீயெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களே வைத்து ஆடியவை. பந்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் தடுப்பு வைத்து ஸ்லைஸை, அதாவது அந்த வலப்பக்க வளைவைக், குறைக்கும் டீயும் கடையில் கிடைக்கிறது. அது உண்மையிலேயே வேலை செய்கிறது, அதனால்தான் போட்டியில் செல்லாது.

பழையமட்டை:
இந்தப் பேச்சு ஒன்றும் புதிதில்லை தம்பி. முன்பு டீ என்றால் ஈர மணல்தான். பக்கத்தில் ஒரு பெட்டியில் மணல் இருக்கும், கேடி ஒரு பிடி அள்ளிக் கூம்பாகப் பிடித்துப் பந்தை வைப்பார், முதல் அடி அடிக்கும் இடத்துக்கு டீ பாக்ஸ் என்ற பெயர் அந்த மணல் பெட்டியிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். 1899இல் பாஸ்டன் பல் மருத்துவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட் மரத்தில் ஆணி மாதிரி ஒரு டீ செய்து காப்புரிமை வாங்கினார். ஹார்வர்டில் பாடம் நடத்திய கறுப்பினத்தவர் அவர். கவனியுங்கள், அந்த டீயின் மேல்முனையிலேயே வளைந்து கொடுக்கிற ரப்பர் குழாய்தான் இருந்தது! மட்டையைத் தடுக்காமல் விட்டுக் கொடுக்கிற டீ வேண்டும் என்ற யோசனை அவ்வளவு பழையது. அவர் அதை விற்கவில்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுத்ததோடு சரி. 1920களில் நியூ ஜெர்சியில் வில்லியம் லோவெல் என்று இன்னொரு பல் மருத்துவர் சிவப்புச் சாயம் பூசிய 'ரெடி டீ' என்ற டீயைக் கொண்டு வந்தார், அந்தக் காலப் பிரபல ஆட்டக்காரர் வால்டர் ஹேகன் அதை வைத்து ஆடிக் காட்டியதும்தான் ஊரெல்லாம் பரவியது. கிராண்ட்தான் முன்னோடி என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1991இல்தான் ஒப்புக்கொண்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

ஞாயிறுகாலை:
எல்லோருக்கும் நன்றி. மார்க்கர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பந்தில் ஒன்பது அச்சு ஃபேஸின் கீழ்ப்பாதியில், குதிப்பக்கமாக (மட்டைத் தண்டை ஒட்டிய பக்கம்) விழுந்திருந்தது! டீயை உயர்த்தினேன், எவ்வளவு என்று மறக்காமலிருக்க மர டீயிலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டேன், தரை அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இன்று காலை பதினான்கு டிரைவ், பாதிக்கு மேல் உயரமாகவே போனது, இரண்டு 215ஐத் தாண்டியது. வளைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. பாக்கெட் வாங்கவில்லை. ஆனால் மட்டையின் தலை மேல் இரண்டு வெள்ளைக் கீறல் விழுந்திருக்கிறது, அது ஏன்?

பந்தும்விசையும்:
பந்து தலையின் மேல்பக்கம் பட்டிருக்கிறது. உயரம் கொஞ்சம் ஜாஸ்தி, இல்லாவிட்டால் இன்னும் மேலிருந்து கீழே வெட்டுகிறீர்கள். கோட்டை அரை சென்டிமீட்டர் மேலே மாற்றி, டீயை அந்த அளவு கூட இறக்கி அடித்துவிட்டுச் சொல்லுங்கள்.