11 வருஷமா ஒரே வேலை, மிச்ச வாழ்க்கைக்கு எப்படி பிளான் பண்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

நீலக்குடை:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க.

எனக்கு 34 வயசு. மெடிக்கல் இன்சூரன்ஸ் க்ளைம் செக் பண்ற வேலை, 11 வருஷம் ஆச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பாலிசி நம்பர் மூணையும் ஒத்துப் பாக்கணும், சரியா இருந்தா அப்ரூவல், இல்லனா குவரி, அதாவது என்ன குறையுதுன்னு எழுதித் திருப்பி அனுப்பறது, அவ்ளோதான். ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல்னு டார்கெட். சம்பளம் தேதிக்கு வந்துடுது, மேனேஜரும் நல்ல மனுஷன், குறைன்னு சொல்ல பெருசா எதுவும் இல்ல.

போன மாசம் ஒரு ஃபைல் வந்துச்சு. அதுல பில்லோட பின்பக்கமும் தெரியாம ஸ்கேன் ஆகியிருந்துச்சு. யாரோ பேனாவால கணக்கு போட்டிருக்காங்க, கையில இருக்கறது இவ்ளோ, தம்பிகிட்ட வாங்கினது இவ்ளோ, இன்னும் வேண்டியது இவ்ளோன்னு, அந்தக் கடைசி நம்பரை மட்டும் ரெண்டு தடவை வட்டம் போட்டு, பேனா அழுந்தி பேப்பரே கிழிஞ்சிருக்கு. அப்ரூவல் குடுத்துட்டு ரொம்ப நேரம் அடுத்த ஃபைலை திறக்கவே இல்ல. இத்தனை வருஷமா நான் இந்த மாதிரி ஆளுங்களோட பேப்பரைத்தான் பாத்துட்டு இருந்தேனா, அவங்கள்ல ஒருத்தரைக் கூட பாத்ததே இல்லையேன்னு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். வாரத்துக்கு 40 மணி நேரம், வருஷத்துக்கு 50 வாரம், 40 வருஷம், மொத்தம் 80,000 மணி நேரம் வேலை. அதுல 22,000 போயிடுச்சு. மிச்சம் 58,000. அதை என்ன பண்றது?

ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கேட்டா பிடிச்சதை பண்ணுன்னு சொல்றாங்க, என்ன பிடிக்கும்னே எனக்கு தெரியலையே. எந்த மாதிரி வேலை நமக்கு ஒத்து வரும்னு ஆறு டைப்பா பிரிச்சு சொல்ற டெஸ்ட் எல்லாம் எழுதிப் பாத்துட்டேன், மூணு டைப்ல கிட்டத்தட்ட சமமா வருது. 34 வயசுல முதல்ல இருந்து ஆரம்பிக்கறது சரியா? வாழ்க்கை முழுசுக்கும் பிளான் போட்டு வேலை செஞ்சவங்க யாராவது இருந்தா எப்படி போட்டீங்கன்னு சொல்லுங்க.

ஸ்பேனர்கை:
நீலக்குடை, உங்களுக்கு வேலை பிடிக்கலன்னு நீங்க எங்கயும் எழுதல, கவனிச்சீங்களா. ஆளைப் பாத்ததில்லன்னுதான் எழுதியிருக்கீங்க. அது ரெண்டும் வேற வேற.

நான் ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பண்றவன். முதல் ஆறு வருஷம் பேஸ்மெண்ட்ல ஒரு ரூம்ல வேலை, ட்ரிப்ஸ் மருந்து சொட்டு கணக்கா ஏத்தற பம்ப் வரும், சரி பண்ணி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன், யாருக்கு போகுதுன்னு தெரியாது. ஒரு தடவை எடுத்துட்டுப் போக ஆள் இல்லாததால நானே வார்டுக்கு கொண்டு போனேன், அங்க இருந்த நர்ஸம்மா பம்ப்பை பாத்ததுமே “இதுவா, ராத்திரில சும்மா சும்மா அலாரம் அடிக்குதுங்க, பக்கத்து பெட்ல குழந்தை திடுக்குனு முழிச்சுக்குது”ன்னாங்க. பம்ப்போட டோர் லாட்ச் லேசா தேஞ்சிருந்தது, டெஸ்ட்ல பாஸ் ஆயிடும் ஆனா அசைஞ்சா அலாரம் வரும். அன்னைல இருந்து ரிப்பேர் பண்ணின ஒவ்வொண்ணையும் வார்டுக்கு நானே எடுத்துட்டுப் போறேன், எங்க சீஃப் கிட்ட கேட்டு அப்படி மாத்திக்கிட்டேன். அதே சம்பளம், அதே ஸ்பேனர். வேலை மட்டும் வேற வேலை ஆயிடுச்சு.

இதைப் பத்தி ஆராய்ச்சியே இருக்கு. ஆடம் கிராண்ட்னு ஒரு ப்ரொபசர், 2007ல வந்தது. ஒரு யுனிவர்சிட்டிக்கு நன்கொடை கேட்டு போன் பண்றவங்களை, அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்கற ஒரு ஸ்டூடண்டோட சில நிமிஷம் பேச விட்டாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அவங்க போன்ல செலவு பண்ற நேரம் ரெண்டு மடங்குக்கு மேல, வசூலும் அப்படித்தான்.

1970கள்லயே ஹேக்மேன், ஓல்ட்ஹாம்னு ரெண்டு பேர் வேலைய அர்த்தமுள்ளதா ஆக்கறது என்னன்னு பாத்து அஞ்சு விஷயம் சொன்னாங்க. பல திறமை வேணும், ஒரு வேலைய ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நாமளே செய்யணும், அடுத்தவங்களுக்கு அது உதவணும், நம்ம இஷ்டத்துக்கு முடிவெடுக்க இடம் வேணும், நல்லா செஞ்சோமான்னு தெரியணும். உங்க வேலை அடுத்தவங்களுக்கு உதவுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க பாக்கறது நடுவுல ஒரு துண்டு, முடிவு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு வர்றதே இல்ல. எது இல்லன்னு தெரிஞ்சுக்காம வேலைய விட்டீங்கன்னா அடுத்த வேலையிலயும் அதே இல்லாமப் போகலாம்.

ஜன்னலோரம்:
ஸ்பேனர்கை அண்ணா சொன்னது நல்லா இருக்கு, ஆனா எல்லா வேலையையும் உள்ள இருந்தே சரி பண்ணிட முடியாது. சில இடத்துல கேட்கவே விடமாட்டாங்க.

நான் 27 வயசுல வேலைய விட்டுட்டு போட்டோகிராஃபி பக்கம் போனேன். போட்டோ எடுக்கறது எனக்கு உயிர், இப்பவும்தான். ஆனா வாரத்துல கேமரா கையில இருக்கறது ஏழெட்டு மணி நேரம், மீதி எல்லாம் கொட்டேஷன் அனுப்பறது, பாக்கி கேட்டு மெசேஜ் போடறது, ஒரே முகத்தை நூறு போட்டோல கலர் கரெக்ட் பண்றது. ஒண்ணரை வருஷத்துல கேமராவ எடுக்கவே மனசு வரல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. ஒரு வேலை பிடிக்குமான்னு தெரியணும்னா அதோட சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்னு தெரியணும், இதை யாராவது அப்ப எனக்கு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதனால நீலக்குடை, டெஸ்ட் எழுதறதை நிறுத்திட்டு, உங்களுக்கு லேசா ஆர்வம் இருக்கற வேலைய இப்ப செய்றவங்க நாலஞ்சு பேர்கிட்ட பேசுங்க. வேலை பிடிச்சிருக்கான்னு கேட்காதீங்க, எல்லாரும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க. போன வாரம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. அப்புறம் அதுல ஒரு துண்டை லீவு நாள்ல செஞ்சு பாருங்க. ஆறு மாச செலவுக்கு கையில இல்லாம ராஜினாமா மட்டும் வேண்டாம், பணப்பயம் இருக்கறப்போ எந்த வேலையும் நல்லா தோணாது.

யார்கிட்ட பேசறதுன்னு யோசிப்பீங்க. நெருங்கின ஃப்ரெண்ட்ஸுக்கு தெரிஞ்சது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். மார்க் கிரனோவெட்டர்னு ஒரு சோஷியாலஜிஸ்ட் 1973ல எழுதினதுல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல பாதிப் பேருக்கு மேல, எப்பவாவது பாக்கற ஆள் மூலமாத்தான் அது கிடைச்சிருக்கு. எனக்கும் அப்படியே. நான் இப்ப காது கேளாதவங்களுக்காக பாட வீடியோவுக்கு சப்டைட்டில் போடறேன், இந்த வேலைய சொன்னது ரெண்டே தடவை பாத்த ஒரு கஸ்டமர். ஒரு வரி எத்தனை செகண்ட் ஸ்க்ரீன்ல நிக்கணும்னு நாள் முழுக்க பாத்துட்டு இருக்கேன், ரொம்ப நேரம் நின்னா அடுத்தது தவறும், சீக்கிரம் போனா படிக்க முடியாது. இதுல எனக்கு சலிப்பே வரல. இது பிடிக்கும்னு 27 வயசுல யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், இப்படி ஒரு வேலை இருக்கறதே அப்ப தெரியாது.

மூணாவதுமாடி:
ஒரு விஷயம் சொல்லிக்கறேன். அர்த்தம் எல்லாம் வேலைல இருந்தே வரணும்னு கட்டாயம் இல்ல. ஏமி ரெஸ்னெவ்ஸ்கினு ஒருத்தங்க 1997ல 196 பேரை கேட்டதுல, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சம்பளத்துக்காக, ஒரு பங்கு முன்னேற்றத்துக்காக, ஒரு பங்கு அந்த வேலைக்காகவே செய்றோம்னு சொன்னாங்க. ஒரே மாதிரி ஆபீஸ் அசிஸ்டெண்ட் வேலைல இருந்தவங்களும் மூணா பிரிஞ்சாங்க. நான் முதல் வகை. ஆறு மணிக்கு கம்ப்யூட்டரை மூடிட்டு என் பொண்ணுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறேன், என் 80,000 மணி நேரம் அதுக்குத்தான் காசு குடுக்குது. இதுவும் ஒரு பிளான்தான், இதை யாரும் மட்டமா நினைக்க வேண்டாம்.

ரெண்டாம்பாதி:
தம்பி நீலக்குடை, எனக்கு 61 வயசு. வாழ்க்கை முழுசுக்கும் பிளான் போட்டவங்க உண்டான்னு கேட்டீங்க. நான் போட்டேன், 24 வயசுல, நோட்டுல எழுதியே வெச்சிருந்தேன். அதுல நடந்தது ரொம்ப கொஞ்சம்.

நான் மெஷின் பார்ட்ஸ் டிராயிங் போடற டிராஃப்ட்ஸ்மேனா ஆரம்பிச்சேன். டிராயிங் போர்டு, டி ஸ்கொயர், இங்க் பேனா. கோடு ஒரே தடிமன்ல வரணும்னா மூச்சை அடக்கிட்டு இழுக்கணும், அதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் பிடிச்சது. கை வந்து பேர் எடுக்கற நேரம் கம்ப்யூட்டர்லயே டிராயிங் போடற ஆட்டோகேட் சாஃப்ட்வேர் வந்துடுச்சு. மூச்சை அடக்கற வித்தை ஒரே வருஷத்துல யாருக்கும் வேண்டாததா போச்சு, நான் அழுதேன், உண்மைய சொல்றேன். ஆனா ஒரு பார்ட்டை மனசுக்குள்ளயே திருப்பி மூணு பக்கமும் பாக்கற கண்ணு போகல. அதுதான் என்னை கம்ப்யூட்டர்லயும், அப்புறம் இன்ஸ்பெக்ஷன்லயும், இப்ப பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்கறதுலயும் காப்பாத்துது. கருவி மேல பிளான் போடாதீங்க, உங்களுக்குள்ள தங்கறது எதுவோ அது மேல போடுங்க. 11 வருஷம் நீங்க வெறும் ஃபைல் பாக்கல தம்பி, ஒரு பேப்பர்ல எது சரியில்லன்னு நொடியில பிடிக்கற கண்ணு உங்களுக்கு வந்திருக்கும்.

இன்னொண்ணு. டொனால்ட் சூப்பர்னு ஒருத்தர் 1950கள்ல வேலை வாழ்க்கைய வயசு வாரியா கட்டம் கட்டினார், தேடறது, நிலைச்சு நிக்கறது, காப்பாத்திக்கறது, மெல்ல விலகறதுன்னு. பிற்காலத்துல அவரே, மனுஷன் எந்த வயசுலயும் திரும்ப தேடற கட்டத்துக்கு வருவான்னு சொன்னார். வேலை செய்றவன்ங்கறது நம்ம பல வேஷத்துல ஒண்ணுதான்னும் சொன்னார், பிள்ளை, பெத்தவன், படிக்கறவன், ஊருக்கு உழைக்கறவன்னு எல்லாமே ஒரே நேரத்துல கூடிக் குறையும். எங்கம்மா படுக்கையில விழுந்தப்போ நாலு வருஷம் நான் சின்ன பதவிக்கு இறங்கிப் போனேன், நேரத்துக்கு வீட்டுக்கு வரணுமேன்னு. என் பிளான் நோட்டுல அதுக்கு இடமே இல்ல. இப்ப திரும்பிப் பாத்தா அந்த நாலு வருஷத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பத்து வருஷம் கழிச்சு நாம எப்படி இருப்போம்னு நமக்கு சரியா தெரியறதில்ல. 2013ல க்வாய்ட்பாக், கில்பர்ட், வில்சன்னு மூணு பேர் 19,000 பேருக்கு மேல கேட்டுப் பாத்தாங்க, 18 வயசுல இருந்து 68 வரைக்கும். போன பத்து வருஷத்துல நிறைய மாறிட்டேன், இனிமே அவ்ளோ மாறமாட்டேன்னு எல்லா வயசுக்காரங்களும் சொல்லியிருக்காங்க. அதனால நான் ரெண்டு ரெண்டு வருஷமாத்தான் எழுதறேன், பென்சில்ல. என்ன கத்துக்கணும், யாருக்கு நான் வேணும், எதை நிறுத்தணும். இப்பவும் எழுதறேன்.

நீலக்குடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரம் கழிச்சு இப்பதான் திரும்ப வரேன். மூணாவதுமாடி சொன்னதையும் நல்லா யோசிச்சேன், எனக்கு அது ஒத்து வரல, ஆனா ஏன் வரலன்னு தெரிஞ்சது.

மேனேஜர் கிட்ட பேசினேன். வாரத்துல ஒரு நாள் க்ளைம் ரிஜெக்ட் ஆனவங்க கால் எடுக்கற டீம்ல உக்கார விட்டிருக்கார். அங்க கேட்டுத்தான் தெரிஞ்சது, நாங்க குவரில “ஆவணம் போதாது”ன்னு ஒரே வரி போடறோம், எந்த பேப்பர்னு தெரியாம அவங்க மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு அலையறாங்க. இப்ப என் குவரில எந்த பேப்பர், எந்த கவுண்டர்ல கேட்கணும், அதுல டாக்டர் சீல் எங்க இருக்கணும்னு எழுதறேன். ஒரு ஃபைலுக்கு நாலு நிமிஷம் கூட ஆகுது, டார்கெட் லேசா இடிக்குது, அதையும் பேசணும்.

ஜன்னலோரம் சொன்ன மாதிரி, நோயாளி குடும்பத்துக்கு பண உதவி, பேப்பர் வேலைல வழி காட்டற ஒரு மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் கிட்ட பேசினேன், பழைய கூட வேலை செஞ்சவரோட அக்கா. போன வாரம் என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் முழுக்க ஃபார்ம், ஒரே ஒரு ஆளுக்காக. புதன்கிழமை அந்த ஆள் இறந்துட்டார். வியாழன் அவரோட மனைவிக்காக வேற ஃபார்ம். அவங்க அதை சொன்ன விதத்துல சலிப்பே இல்ல. அந்த வேலைக்கு ரெண்டு வருஷ படிப்பு வேணுமாம், முதல்ல அடுத்த மூணு மாசம் சனிக்கிழமை அவங்க கூட போய் உக்காரப் போறேன். ரெண்டாம்பாதி ஐயா, பென்சில்லதான் எழுதியிருக்கேன்.