பிராசஸர் கூலர் மாத்தலாமுங்களா? அவசரம்

பனியன்டிசைன் (திருப்பூர்), காலை 9.40
வணக்கமுங்க. சிஸ்டத்துல பிராசஸர் சூடு 98, 99 டிகிரின்னு காட்டுதுங்க. வேலை பாதியில இருக்கறப்ப அப்படியே மெதுவாயிருது. ஃபேன் போடற சத்தம் ரைஸ்மில்லாட்ட இருக்குது. பையருக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். 3000 ரூபாய்க்குள்ள நல்ல கூலர் ஒண்ணு சொல்லுங்க. கடைக்காரர் தண்ணி கூலர்தான் போடோணும்ங்கறாரு. அது வேணுமுங்களா? சீக்கிரம் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு), 9.48
என்ன பிராசஸருங்க? மதர்போர்டு என்ன? இப்ப மாட்டியிருக்கறது பிராசஸர் கூடவே வந்த கூலரா, தனியா வாங்குனதா? கேபினெட் மாடல் என்ன? என்ன வேலை ஓட்டறப்ப 99 போகுது?

பனியன்டிசைன், 9.55
ஐ7 தானுங்க. கூட வந்த கூலர்தான்.

நொய்யல்கரை (கோவை), 10.02
ஐ7 என்ற பெயர் 2008ல் இருந்து வருகிறது. "ஐ7 தான்" என்பது "வண்டி டிவிஎஸ்" என்பதைப் போல. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம்' என்று தட்டினால் முழுப் பெயரும் வரும், அதை அப்படியே இங்கே எழுதுங்கள். இங்கே எத்தனையோ இழையில் சொல்லியாகிவிட்டது: கேள்வியை ஒழுங்காகக் கேட்டால்தான் பதில் ஒழுங்காக வரும். இன்டெல்லின் பெரும்பாலான புது ஐ7களுக்கு 100 டிகிரி வரை அனுமதி உண்டு. 98ஐப் பார்த்துப் பதறிக் கூலர் வாங்க ஓடுவது தேவையில்லாத செலவு.

சோமனூர்தறி, 10.10
தம்பி, திருப்பூருங்கறீங்க. அப்பப் பஞ்சுதான். வேற எதையும் பாக்காதீங்க. பக்கவாட்டு மூடியைக் கழட்டி, கூலர் ஃபேனுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. அலுமினிய இதழுக்கு நடுவுல கம்பளி விரிச்சு வெச்சாப்பல பஞ்சு படிஞ்சிருக்கும். ஃபேன் சுத்தும், காத்து கீழ இறங்காது. எங்க தறிக்குடோன்ல கணக்கு எழுதற சிஸ்டத்துக்கே இந்தக் கதிதான்.

கரூர்வாசல், 10.14
ரூம்ல ஏசி இருக்குதுங்களா? இதை ஒருத்தரும் கேக்கறதில்ல. கூலர் எதுவா இருந்தாலும், தண்ணியோ காத்தோ, ரூம் சூட்டுக்குக் கீழ பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு வீடியோவுல பெரும்பாலும் 21, 22 டிகிரி ரூம்ல வெச்சு 75ன்னு காட்டுவாங்க. கரூர் பரமத்தியில சித்திரை வெயிலு 40 தாண்டும். அந்தக் கூலரையே இங்க மாட்டினா, ரூம் எத்தனை டிகிரி கூடுதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி இங்கயும் கூடும். வீடியோ எண்ணை நம்பி வாங்கிட்டு, கூலர் சரியில்லைன்னு கடைக்காரர்கிட்டச் சண்டைக்குப் போறவங்க நெறைய.

பனியன்டிசைன், 10.31
12வது தலைமுறைங்க, ஐ7-12700. போர்டு பி660ன்னு பில்லுல இருக்குது. ஏசி இல்லீங்க. சிஸ்டம் மேசைக்கு அடியில, கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துல இருக்குது. 3டி சாம்பிள் ரெண்டர் (டிசைனைப் படமா உருவாக்கற வேலை) ஓட்டறப்பத்தான் இப்படி. கோரல், போட்டோஷாப்ல பிரச்சினை இல்லை. கேபினெட் பேரு தெரியலீங்க, முன்னாடி பூராக் கண்ணாடி.

சோமனூர்தறி, 10.33
கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துலயா! நான்தான் சொன்னேனே.

வெள்ளகோவில்வாசகி, 10.50
தம்பி, இதை மொதல்லயே சொல்லியிருந்தா எல்லாருக்கும் வேலை மிச்சம். பரவால்ல, இப்ப பாக்கலாம்.

12700க்குள்ள வேலையைப் பிரிச்சுச் செய்யற கோர்ங்கற பகுதிகள்ல பெரிய கோர் 8, சின்னக் கோர் 4. அட்டைப்பெட்டியில 65 வாட்னு போட்டிருப்பாங்க, அது அடிப்படைக் கணக்கு. முழு வேகத்துக்கு ஏறுறப்ப 180 வாட் வரைக்கும் இழுக்கலாம்னு இன்டெல்லே குறிச்சிருக்குது. கூட வந்த லாமினார் ஆர்எம்1 கூலர் அந்த 65க்குப் போதும். ரெண்டர் மாதிரி எல்லாக் கோரும் ஒண்ணாச் சேந்து மணிக்கணக்கா ஓடுற வேலைக்கு அது பத்தாது. கோரல்ல பிரச்சினை இல்லாததுக்கும் இதுதான் காரணம், அது அப்பப்ப ஒண்ணு ரெண்டு கோரைத் தொட்டுட்டு விட்டுரும்.

இன்னொண்ணு. நெறைய மதர்போர்டுல பயாஸ்லயே (போர்டோட அடிப்படை செட்டிங்) மின் வரம்பைத் திறந்து விட்டுருவாங்க, 4096 வாட்னு கூட எழுதியிருக்கும். அப்ப பிராசஸர் சூடு தட்டற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற, சூடு, வாட் எல்லாம் காட்டற சாஃப்ட்வேரைப் போட்டு, ரெண்டர் ஓட விட்டுப் பத்து நிமிசம் கழிச்சு மூணு விசயம் பாருங்க: பிராசஸர் பேக்கேஜ் பவர் எத்தனை வாட், பெரிய கோர் வேகம் எத்தனை, 'தெர்மல் த்ராட்லிங்'கிற (சூட்டுனால வேகம் குறையறது) இடத்துல 'எஸ்' வருதா 'நோ' வருதா. அந்த மூணும் தெரியாம கூலர் வாங்கலாமா வேண்டாமான்னு என்னால மனசாரச் சொல்ல முடியாது.

நொய்யல்கரை, 11.04
நான் சொன்னதையே நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். எண் முக்கியமில்லை.

வெள்ளகோவில்வாசகி, 11.09
இல்லீங்க சார். 98 ஆபத்தில்லைன்னு நீங்க சொன்னது சரி, பிராசஸர் தன்னைத் தானே காப்பாத்திக்கும். எப்படிக் காப்பாத்திக்குதுன்னா வேகத்தைக் குறைச்சுத்தான். "பாதியில மெதுவாயிருது"ன்னு மொதல் பதிவுலயே அவரு எழுதியிருக்காரு. அந்தப் பையனுக்கு ரெண்டர் நேரந்தான் சம்பளம். செலவு வேண்டாம்னு சொல்லி அனுப்பறதுக்கு முன்னால அதையும் சேத்துப் பாக்கோணுமுங்க.

மஞ்சள்மண்டி, 11.15
என்கிட்ட பழைய கூலர்மாஸ்டர் ஹைப்பர் 212 சும்மா கெடக்குது. பெருந்துறை வரைக்கும் வந்தா வாங்கிக்கலாம். காசு வேண்டாமுங்க.

கயிறுமில் (பொள்ளாச்சி), 11.21
அண்ணா, அது எந்தக் காலத்து 212? பழைய இன்டெல் சாக்கெட்டுல (பிராசஸர் உக்கார்ற எடம்) கூலர் மாட்டற ஓட்டைக்கு ஓட்டை 75 மில்லிமீட்டர். 12வது தலைமுறையோட எல்ஜிஏ 1700ல 78. அதுக்குண்டான பிராக்கெட் தனியா இருந்தாத்தான் உக்காரும். அமுக்கி மாட்டினா, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல வெக்கற சூடு கடத்தற பேஸ்ட் மேல சமமாப் படியாது.

மஞ்சள்மண்டி, 11.24
2016ல வாங்குனதுங்க. அப்ப ஆகாது. நல்ல வேளை சொன்னீங்க.

கரூர்வாசல், 11.30
முன்பக்கம் பூராக் கண்ணாடிங்கறாரே, அது கண்ணுல படலீங்களா யாருக்கும்? உள்ள காத்து வர வழியே இல்லை. மூடியைக் கழட்டி வெச்சுட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி விடுங்க தம்பி. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடும்.

சோமனூர்தறி, 11.33
கட்டிங் டேபிள் பக்கத்துல மூடியைக் கழட்டி வெக்கச் சொல்றீங்களே! ஃபேன் பஞ்சை அள்ளி நேரா மதர்போர்டு மேல கொட்டும். அதும் இப்ப ஆடி. பாலக்காட்டுக் கணவா வழியா வர்ற காத்து பல்லடம், திருப்பூருன்னு ஒரு எடம் விடறதில்ல. ஜன்னலைத் திறந்தா மேசை மேல பேப்பர் நிக்கறதில்லீங்க.

கரூர்வாசல், 11.36
ஒரு நாளைக்குத்தானுங்க சொன்னேன். பையர் வேலை முடியட்டும்.

சோமனூர்தறி, 11.40
ஒரு நாள்னு ஆரம்பிச்சு வருசம் பூரா மூடியில்லாம ஓடற சிஸ்டம் எத்தனை பாத்திருக்கேன். கம்பெனியில கம்ப்ரசர் இருக்கும். அதை எடுத்து ஒரு ஊது ஊதினா அஞ்சு நிமிச வேலை.

கயிறுமில், 11.44
கம்ப்ரசரா? வேண்டவே வேண்டாமுங்க. தொட்டிக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு இருக்கும், கூடவே எண்ணெய்ப் பசையும் வரும். அதைப் போர்டுல அடிச்சா என்ன ஆகுமுன்னு நாஞ் சொல்ல வேண்டியதில்லை. ஃபேனும் தாறுமாறாச் சுத்திப் பேரிங் போயிரும். எங்க மில்லுல தென்னை நாரு தூசி இதைவிடக் கேடு, நாங்க பெயின்ட் பிரஷ்ஷும் சின்னக் கை புளோயரும்தான் வெச்சிருக்கோம்.

சோமனூர்தறி, 11.49
அடியில இருக்கற வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சிட்டு, ஒரு முழம் தள்ளி நின்னு, விரலால ஃபேனைப் புடிச்சுக்கிட்டு ஊதோணும். தெரியாதவங்கதான் கெடுத்துக்குவாங்க. பல வருசமா இப்படித்தான் பண்றேன், ஒரு போர்டும் போனதில்ல.

கயிறுமில், 11.53
உங்களுக்குக் கைப்பழக்கம் இருக்குதுங்க, ஒத்துக்கறேன். பையர் கெடு தலைக்கு மேல நிக்கறப்ப, மொதத் தடவை கேபினெட்டைத் திறக்கற பையன்கிட்ட இதைச் சொல்லலாமுங்களா? பிரஷ்ஷுல பஞ்சு கையோட வந்துரும். வராததுக்கு மட்டும் புளோயர்.

சோமனூர்தறி, 11.55
பிரஷ் அடிப்பஞ்சை எடுக்காது. இதழுக்குள்ள இன்னும் உள்ள தள்ளி விட்டுரும்.

நொய்யல்கரை, 12.06
இழை தூசி தட்டும் இழையாகிவிட்டது. கேட்டவரையும் காணோம். பதில் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பஞ்சு எடுத்தபின் கூலரின் நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் முளைகளைப் பாருங்கள். கூட வரும் இன்டெல் கூலரில் அடிக்கடி நடப்பது, நான்கில் ஒன்று மேலெழும்பி நிற்பது. ஃபேன் சுற்றும், கூலரும் அசையாதது போலத்தான் தெரியும். ஆனால் ஒரு பக்கம் பிராசஸரை விட்டு விலகியிருக்கும். முளையின் தலையில் அம்புக்குறி உண்டு, அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, குறுக்கு மூலைகளாக இரண்டிரண்டாக 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். கூலரைத் தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைக்காமல் திரும்ப மாட்டாதீர்கள்.

இரண்டு, பயாஸில் மின் வரம்பு திறந்திருந்தால் 125 வாட் போடுங்கள். சூடு நன்றாக இறங்கும், ரெண்டர் வேகம் கொஞ்சம்தான் குறையும். பைசா செலவில்லை.

இந்த இரண்டும் செய்த பிறகும் ரெண்டரில் வேகம் விழுந்தால்தான் கூலர் வாங்கலாம்.

வெள்ளகோவில்வாசகி, 12.15
சார் சொன்ன வரிசையிலயே பண்ணுங்க தம்பி. வாங்கறதா முடிவானா, மூவாயிரத்துக்குள்ள டீப்கூல் ஏகே400 மாதிரி ஒத்தை 120 மில்லிமீட்டர் ஃபேன், நாலு செப்புக்குழாய் இருக்கற டவர் கூலரே போதும். அது 155 மில்லிமீட்டர் உயரம். பிராசஸர் மேல இருந்து பக்கக் கண்ணாடி வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்துட்டுக் காசு குடுங்க. கண்ணாடி மூடாம வந்து திருப்பிக் குடுத்தவங்க நெறையப் பேர்.

தண்ணி கூலர் உங்களுக்கு வேண்டாம்னு சொல்றதுக்கு எங்கிட்டக் காரணம் இருக்குது. இப்ப இருக்கற கூலர் மேல இருந்து கீழ ஊதுது. அந்தக் காத்து பிராசஸரைச் சுத்தியிருக்கற கரண்ட் குடுக்கற பாகங்களையும் சேத்துக் குளுத்தும். டவர் கூலர் பக்கவாட்டுல ஊதறதால அந்தக் காத்து குறையும். தண்ணி கூலர்ல பம்ப் மட்டுந்தான் அந்த எடத்துல, காத்தே கெடையாது. விலை குறைஞ்ச பி660 போர்டுல அந்தப் பாகத்து மேல ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சற உலோகக் கட்டி) கூட இருக்காது. அது சூடானாலும் பிராசஸர் வேகத்தைக் குறைச்சுரும், அப்ப எதுனால குறையுதுன்னு கண்டுபுடிக்கறதே பெரும்பாடு. பணத்தையும் போட்டு அந்தத் தொல்லை எதுக்குங்க? தண்ணி கூலர்ல தண்ணியைக் குளுத்தற ரேடியேட்டர் இதழ்லயும் இதே பஞ்சுதான் போய் அடையும்.

கேபினெட்டை மேசைக்கு அடியில இருந்து எடுத்துக் கட்டிங் டேபிளுக்கு எதிர்ப்பக்கமா உசரத்துல வெச்சுருங்க. எந்தக் கூலர் போட்டாலும் அதைச் செய்யாம விட்டா மறுபடியும் இங்கதான் வந்து நிக்கோணும்.

மஞ்சள்மண்டி, 2.30
தம்பி, என்ன ஆச்சுங்க?

பனியன்டிசைன், மாலை 4.52
பஞ்சு ஒரு கை வந்துச்சுங்க. ஒரு முளை மேலதான் நின்னுச்சு, நாலையும் கழட்டிப் பேஸ்ட் வெச்சு மாட்டியாச்சு. இப்ப 86. ரெண்டர் ஓடிக்கிட்டு இருக்குது, பயாஸ் இன்னும் தொடல. எல்லார்த்துக்கும் நன்றிங்க, அனுப்பிட்டு வர்றேன்.

வெள்ளகோவில்வாசகி, 5.01
சந்தோசம் தம்பி. அந்த 86ல வாட் எத்தனைன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. 65 பக்கம் நின்னு 86ன்னா கூலர் இன்னும் திணறுதுன்னு அர்த்தம். 120க்கு மேல போயி 86ன்னா கூலர் வாங்கவே வேண்டாம்.

சோமனூர்தறி, 5.05
பஞ்சுதான்னு மொதப் பதில்லயே சொன்னேன்.

நொய்யல்கரை, 5.11
முளை.

தாராபுரத்தான், மறுநாள் காலை 8.20
இந்த இழையிலயே கேக்கறனுங்க. என்னோடது ரைசன் 5 5600, கூட வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். ஃபேன் சத்தம் தாங்கல. சூடு 80 பக்கம். கேபினெட்ல முன்னாடி வலை. வீட்டுலதான் இருக்குது, பஞ்சு கெடையாது. பையனோட கேமுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும். மாத்தலாமுங்களா?

கயிறுமில், 8.41
விவரமாக் கேட்டீங்க, நன்றிங்க. உங்களோட பிராசஸருக்கு உச்ச வரம்பு 90. 80ல வேகம் ஒண்ணும் குறையாது, அதனால சூட்டுக்காக மாத்த வேண்டியதில்லை. சத்தத்துக்காக மாத்தறதுன்னா தாராளமா மாத்தலாம், ஸ்டெல்த் சின்னக் கூலர், வேகமாச் சுத்தித்தான் சமாளிக்குது. செலவுக்கு முன்னாடி பயாஸ்ல ஃபேன் வேகக் கோட்டை (எத்தனை சூட்டுக்கு எவ்வளவு வேகமாச் சுத்தோணும்கிற செட்டிங்) கொஞ்சம் தளர்த்திப் பாருங்க, பாதிச் சத்தம் அதுலயே போயிரும்.

கழட்டறப்ப மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்க ரைசன் உக்கார்ற ஏஎம்4 வகையில முள்ளு பிராசஸர்ல இருக்குது, சாக்கெட்டுல இல்லை. காஞ்ச பேஸ்ட் ஒட்டிக்கிட்டு, கூலரை இழுக்கறப்ப பிராசஸரும் கூடவே புடுங்கிக்கிட்டு வந்துரும். முள்ளு வளைஞ்சா அவ்வளவுதான். சித்தெ நேரம் கேம் ஓட விட்டுப் பேஸ்ட் இளகுனதுக்கப்புறம் கரண்ட்டை நிறுத்துங்க, ஸ்குரூ நாலையும் கழட்டிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்க. நேரா மேல தூக்காதீங்க.

தாராபுரத்தான், 8.50
சரிங்க. மொதல்ல ஃபேன் கோட்டைப் பாக்கறேன். பயாஸ்ல அது எந்தப் பக்கம் இருக்குமுங்க?

நொய்யல்கரை, 8.58
மதர்போர்டு என்ன?