பிரம்பு பிய்ந்த தேக்கு நாற்காலி: இருக்கைக்கு அடியில் பெட்டி வைக்க முடியுமா?

கேள்வி (தையல்மேசை):
கை இல்லாத பழைய தேக்கு நாற்காலி. பிரம்பு முழுக்கப் பிய்ந்துவிட்டது, சட்டம் திடம். பின்னங்கால் மூட்டு ஒன்று லேசாக ஆடுகிறது. இருக்கைச் சட்டத்தின் உள்ளளவு முன்னால் 15 இன்ச், பின்னால் 13½. சட்டத்தின் கனம் மேலிருந்து கீழாக 2½ இன்ச். தரையிலிருந்து இருக்கை 17 இன்ச். சட்டத்தின் மேலேயே 12 மி.மீ. பிளைவுட், 2 இன்ச் ஃபோம், பின்னால் கீல். அடியில் நூல், கத்தரி, துணி வைக்க ஒரு பெட்டி. சரிவருமா?

பதில் (ரீப்பர்):
மேலே வைத்தால் உயரம் 19½ ஆகிவிடும். குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் படாது. மூடியைச் சட்டத்துக்குள் இறக்குங்க.

சட்டத்தின் உள்பக்கம் நாலு பக்கமும் ¾ இன்ச் ரீப்பர் (ஒல்லியான மரப்பட்டி) அடிங்க. அதன் மேல்முகம் சட்டத்தின் மேல்மட்டத்திலிருந்து 1½ இன்ச் கீழே. பிளைவுட் உட்கார்ந்தால் ஃபோம் 1 இன்ச்தான் வெளியே தெரியும். பசையோடு 8ஆம் நம்பர் 1¼ இன்ச் ஸ்க்ரூ, பக்கத்துக்கு மூன்று, 3 மி.மீ. துளை போட்ட பிறகு. துளை போடாமல் ஏற்றினால் ரீப்பர் பிளக்கும்.

உட்காருபவர் எடை முழுக்க ரீப்பர் வழியாகச் சட்டத்துக்குப் போகணும், பெட்டிக்குப் போகக்கூடாது. பெட்டி சும்மா ரீப்பரில் தொங்கும்: சுவர் 12 மி.மீ., அடித்தட்டு 6 மி.மீ., ஆழம் 6 இன்ச் போதும். அடித்தட்டைச் சுவருக்கு அடியில் ஒட்டி ஆணி அடிக்காமல், சுவரின் உள்பக்கம் சின்ன ரீப்பர் கொடுத்து அதன்மேல் வைங்க. இல்லையென்றால் சாமான் கனத்தில் ஆணி கழன்றுவரும்.

பெட்டியின் முன்சுவரை 3 இன்ச் பின்னால் தள்ளி, குறுக்கு ரீப்பரில் மாட்டுங்க. எழும்போது நாம் குதிகாலைப் பின்னுக்கு இழுப்போம். அங்கே பலகை இருந்தால் வயதானவர்களால் எழ முடியாது. பலரும் கோட்டைவிடும் இடம் இது.

பதில் (உப்புத்தாள்):
கீல் வேண்டாம். மூடியைத் தூக்கினால் 2 இன்ச் மெத்தை முதுகுச்சட்டத்தில் இடிக்கும். நேராக நிற்குமுன்பே தடைபட்டு, கை எடுத்ததும் விரல்மேல் விழும். தனி மூடியே நல்லது. முன்னோரத்தில் ஒரு நாடா வைத்துத் தைத்தால் இழுத்துத் தூக்கலாம்.

ஆடுகிற மூட்டை முதலில் பாருங்க. ஆணி அடித்தால் தேக்கு வெடிக்கும். மூட்டைக் கழற்றி, பழைய பசையை உளியால் சுரண்டி மரம் தெரிந்த பிறகு புதுப் பசை. பழையதன்மேல் தடவினால் மரத்துக்குள் ஊறாது, பிடிக்காது. கயிறு சுற்றி, நடுவில் குச்சி செருகி முறுக்கி, ஒரு நாள் முழுக்க விடுங்க.

பதில் (செவ்வகம்):
மூடிக்குப் பதில் பக்கத்திலிருந்து இழுக்கும் டிராயர்? 12 இன்ச் டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் சறுக்கி வரும் நீளும் தடம்) இருக்கே.

பதில் (ரீப்பர்):
முன்னால் 15, பின்னால் 13½ என்றால் பக்கச் சட்டங்கள் இணையாக இல்லை. பக்கவாட்டில் இழுப்பதால் சேனல் முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் வரும், அவை இணைதான். ஆனால் நடுவே பக்கச் சட்டமும் காலிணைப்புக் குறுக்குச் சட்டமும் வழியை அடைக்கும். டிராயர் ஆழம் 4 இன்ச்கூடக் கிடைப்பது சிரமம். இந்த நாற்காலிக்கு மூடிதான்.

தையல்மேசை:
நன்றி. மூடி, அதன்மேல் போர்த்தும் ரெக்சின் எந்த அளவில் வெட்டணும்?

பதில் (உப்புத்தாள்):
கணக்குப் போடாதீங்க, அட்டையை உள்ளே வைத்து மூலை உட்பட வரைந்து, நாலு பக்கமும் ஒரு நூல் (⅛ இன்ச்) குறைத்து பிளைவுட்டை வெட்டுங்க. அந்த இடைவெளி ரெக்சின் மடிப்புக்கு. முன்-பின் அளவும் 15 இன்ச்சுக்கு மேல் இல்லையென்றால் ரெக்சின் 23க்கு 23: மூடி 14¾, ஒவ்வொரு பக்கமும் ஃபோம் 2, பலகை ½, அடிமடிப்பு 1½. 8 மி.மீ. ஸ்டேப்ளர் பின், நாலு பக்கமும் நடுவிலிருந்து மூலைக்கு. மூலையில் ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும், நீக்க முடியாது. பலகையில் 10 மி.மீ. துளை ஐந்தாறு போடுங்க. இல்லாவிட்டால் உட்காரும்போது காற்று வெளியேற வழியின்றி ரெக்சின் உப்பும், நாளடைவில் பின் பிய்ந்துவரும்.