கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பாட்டு வகுப்பு: செட்டிநாட்டு அனுபவங்கள்

இசை ஆசிரியை, காரைக்குடி

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது, மற்றப் பாடங்களுக்கெல்லாம் கால அட்டவணையில் இடம் கிடைத்தது. பாட்டு வகுப்பை மட்டும் "நிலைமை சீராகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த அச்சம் நியாயமானதே. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடி ஒத்திகை பார்த்தனர். அவர்களில், சோதனையில் உறுதியாகாதவர்களையும் சேர்த்து, 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். இதைப் படித்த எவருக்கும் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாடச் சொல்ல மனம் வராது.

ஆயினும் பாட்டை அடியோடு நிறுத்துவது ஒன்றே வழி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வு, ஒரே அளவு ஓசையில் பாடுவதற்கும் பேசுவதற்கும் வெளிப்படும் நுண்துளிகளில் பெரிய வேறுபாடு இல்லை என்றும், ஓசை கூடக் கூடத்தான் துளிகள் பெருகுகின்றன என்றும் காட்டியது. அப்படியானால் நாம் கவனிக்க வேண்டியவை பாடும் ஓசை, பாடும் நேரம், பாடும் இடத்தின் காற்று ஆகிய மூன்றும்தான். இவற்றில் காற்றே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. கைப்பிடிகளையும் மேசைகளையும் நாள்தோறும் துடைத்துவிட்டு, சன்னல்களை அடைத்து வைத்திருந்த வகுப்பறைகளைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் ஒரு பகுதி, நகரத்தார் குடும்பம் ஒன்று கல்விக்காகக் கொடுத்த பழைய வீடு. முகப்பு வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை தெரியும். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெயிலுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் அன்று கட்டியதுதான், இந்தக் காலத்தில் எங்கள் பாட்டு வகுப்பைக் காப்பாற்றியது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுப் பத்தியில் ஆத்தங்குடிக் கல் என்னும் சதுரத் தரைக்கல் பதித்திருக்கிறது. ஒரு கல் பத்து அங்குலம். இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் எட்டுக் கல் விட்டால் ஆறரை அடிக்கு மேல் வந்துவிடும். சுண்ணக்கட்டியால் தரையில் குறி போட வேண்டிய தேவையே எழவில்லை. பிள்ளைகளே கல்லை எண்ணி உட்கார்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து அமர்ந்தார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் இல்லை.

சுருதியை வழக்கத்தைவிடக் குறைத்து, தொடக்கப் பாடமான சரளி வரிசையை முகக்கவசத்தோடு மெல்லிய குரலில் பாடவைத்தேன். உயர்ந்த சுரங்களில் பாடும் மேல்ஸ்தாயி வரிசையையும், 'ஆ' என்று நீட்டிப் பாடும் உரத்த அகார சாதகத்தையும் தள்ளி வைத்தேன். தேவாரப் பதிகம் என்றால் ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் கையால் தாளம் போட்டுக் கேட்பார்கள். அடுத்த அடி அடுத்தவருக்கு. கொலராடோ, மேரிலாந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழு, உள்ளிடத்தில் முப்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பாட வேண்டாம் என்றும் பிறகு காற்று மாறும் வரை அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்றும் பரிந்துரைத்திருந்தது. நாங்கள் திறந்த முற்றத்தில் இருந்தும் வாய்ப்பாட்டை அதில் பாதி நேரத்துக்குள் முடித்துக்கொண்டோம். எஞ்சிய நேரத்தில் சுரக்குறிப்பு எழுதுவதும், பாடலைக் கேட்டு இராகத்தை இனம் காண்பதும் நடந்தன. நவம்பர் மழையில் முற்றம் பயன்படாத நாள்களில் யாரும் வாய் திறந்து பாடவில்லை. அன்று தாளம்தான் பாடம். கேட்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளிடம் வளர்ந்ததைப்போல் வேறு எந்தத் தொகுதிப் பிள்ளைகளிடமும் நான் கண்டதில்லை.

மிருதங்க ஆசிரியர், தேவகோட்டை

ஆசிரியை அவர்கள் காற்றைப் பற்றிச் சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். கருவிகளைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கிருமிநாசினி தெளிக்க வந்தவர்கள், தரைக்கும் மேசைக்கும் அடித்த அதே மருந்தை மிருதங்கத்தின் மேலும் அடித்துவிட்டார்கள். ஈரம் ஊறி, தோலின் நடுவில் உள்ள கரும்பூச்சான கரணை வெடித்து, வலப்பக்கமான வலந்தலையின் தோலையே மாற்ற வேண்டியதாயிற்று. தோல் கருவியில் எந்தத் திரவமும் படக்கூடாது என்பதைப் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு வாசித்தால் போதும். இடப்பக்கமான தொப்பிக்கு அப்பும் ரவையை அவரவர் வீட்டிலிருந்து பிசைந்து கொண்டுவரச் சொன்னோம்.

நாகசுரம் கற்கும் பிள்ளைகள் விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நாகசுரத்தின் ஊதும் முனையான சீவாளியை உதட்டில் வைத்து, எச்சிலில் நனைத்துப் பதப்படுத்துவதே முறை என்பதால், ஒருவர் சீவாளியை இன்னொருவர் தொடவே கூடாது. புல்லாங்குழலுக்கும் இதே விதிதான். சீவாளி கைவசம் இல்லாத பிள்ளைக்கு அன்று தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலைச் சொல்லிக் கொடுத்தோம். அதையும் மெல்லிய குரலில்தான்.

பெற்றோர், பள்ளத்தூர்

என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டில் எண்பதை நெருங்கிய அப்பத்தா இருந்தார்கள். குழந்தைக்குத் தடுப்பூசியும் இல்லை. பதினைந்து முதல் பதினெட்டு வயதினருக்கே 2022 ஜனவரி 3 அன்றுதான் தொடங்கினார்கள். அதனால் அவள் வகுப்புக்குப் பள்ளி திறந்த பிறகும் பாட்டு வகுப்புக்கு அனுப்பத் தயங்கினேன். அதற்கு முன் கைப்பேசி வழியே நடந்த வகுப்பில் சேர்ந்து பாடவே முடியவில்லை. ஒருவர் குரல் இன்னொருவருக்குச் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும். எங்கள் வீட்டுச் சுவர்களின் கனத்தில் உள்ளே சிக்னலும் வராது. குழந்தை திண்ணையில் உட்கார்ந்து, தனியாகப் பாடி, பதிவு செய்து அனுப்புவாள். ஆசிரியை ஒவ்வொரு பதிவையும் கேட்டு, எந்த இடத்தில் காந்தாரம் என்னும் 'க' சுரம் இறங்கியது என்று குரல் பதிவாகவே திருத்தி அனுப்புவார்கள். இரவு பத்து மணிக்குக்கூட வந்திருக்கிறது. அந்த அக்கறைக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள்.

எனக்கு நம்பிக்கை வந்தது, வகுப்பு நடக்கும் இடத்தை நேரில் பார்த்த பிறகுதான். இருமலோ சளியோ உள்ள பிள்ளையைத் திட்டாமல், வருகைப்பதிவில் குறைக்காமல், வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். வருகை குறையும் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இந்த ஏற்பாடு தடுத்தது.

இசை ஆசிரியை, காரைக்குடி

பள்ளத்தூர் அம்மா அவர்களுக்கு நன்றி. வருகைப்பதிவு பற்றி நீங்கள் சொன்னது, நான் எழுத விட்டுப்போன முக்கியமான செய்தி. தலைமையாசிரியர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பெரிய பயன் இருந்திருக்காது.

2022 பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்புகளும் மீண்டும் திறந்தபோது, எங்களுக்குப் புதிய கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். அதற்கு ஒரு பக்கம்தான் சன்னல். எங்கள் இயற்பியல் ஆசிரியர் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை அங்கே வைத்துக் காட்டினார். வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 420 அளவில் இருப்பது, பிள்ளைகள் பாடத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஆயிரத்தைத் தாண்டியது. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் அந்த எண்ணைக் காட்டி, முற்றத்தையே திரும்பக் கேட்டு வாங்கினேன். புதிய அறையில் இப்போது கருவிகளை வைத்திருக்கிறோம்.