கவிழ்தடுப்பானா, நசுங்கல் காப்பா? குவாட் பைக் சொற்கள் பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நம் ஆட்களுக்கான பாதுகாப்புக் கையேட்டில், இரவு நரி வேட்டைப் பகுதிக்கு நீங்கள் முன்வைத்த சொற்களை எல்லாம் படித்தேன். விக்டோரியாவின் மேற்குப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் எட்டு ஆண்டாக வேலை செய்கிறேன். குட்டி ஈனும் பருவத்துக்கு முன்னால் வாரத்தில் இரண்டு மூன்று இரவு நரிக்குப் போவது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் இந்த ஒரு பகுதிக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், பட்டியலில் 7-ஆவதாக இருக்கும் ‘கவிழ்தடுப்பான்’. இதை எடுத்துவிடுங்கள். ஓசை நன்றாக இருக்கிறது, புணர்ச்சியும் சரி. ஆனால் சொல் சொல்வது பொய். அந்தக் கருவி வண்டி கவிழ்வதைத் தடுக்காது.

பார்த்திராதவர்களுக்காக: குவாட் பைக் என்பது மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கரப் பண்ணை வண்டி. அதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நட்டிருக்கும் இரும்பு வளைவு அது. ‘ப’ என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வண்டி பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ சாய்ந்து விழும்போது இந்த வளைவு முதலில் மண்ணில் ஊன்றும். வண்டி முழுதாகப் புரளாமல் நிற்கலாம். புரண்டாலும் தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் கிடக்க ஓர் இடைவெளி மிஞ்சலாம். சுமார் 300 கிலோ எடை மார்பில் உட்கார்ந்துவிடாமல் இருக்கத்தான் அது. இந்த நாட்டில் 2021 அக்டோபர் 11 முதல் புதிதாக விற்கும் பொதுப் பயன்பாட்டுக் குவாட் பைக் எதிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். அதற்கு முந்தைய பத்தாண்டில் நூறு பேருக்கு மேல் இந்த வண்டிகளால் இறந்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் சிக்கி மூச்சு முட்டிப் போனவர்கள் அதில் நிறையப் பேர்.

‘கவிழ்தடுப்பான் பொருத்தியிருக்கிறது’ என்று படித்துவிட்டு ஏறுகிற பையன், சரிவில் தைரியமாகக் குறுக்கே போவான். சொல்லே அவனை அனுப்பிவைக்கும். என் பரிந்துரை ‘நசுங்கல் காப்பு’. கொஞ்சம் கரடுமுரடான சொல்தான். ஆனால் இந்தக் கருவி எதிலிருந்து காக்கிறது, எதைக் காக்காது என்று இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மூன்று வருடத்துக்கு முன் நான் அந்த வளைவுக்குக் கீழே படுத்திருந்தேன். அன்று முன் கேரியரில் விளக்கு, பின் கேரியரில் தனி பேட்டரி, தண்ணீர் கேன், துப்பாக்கிப் பெட்டி, அதற்கு மேலே ஒரு மணல் பை. எல்லாம் உயரத்தில். சரிவில் குறுக்கே மெதுவாகத்தான் போனேன். கண் மட்டும் தரையில் இல்லை, வெளிச்சம் போன பக்கம் போயிருந்தது. பள்ளத்துப் பக்கச் சக்கரம் முயல் வளையில் இறங்கியது. அப்புறம் ஒரு நொடிகூட இல்லை. கண் திறந்தபோது விளக்கு புல்லுக்குள் எரிந்துகொண்டிருந்தது, வளைவு ஒரு சாண் ஆழத்துக்கு ஈரமண்ணில் குத்தி நின்றது, என் இடது கால் அந்த இடைவெளியில் இருந்தது. கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. கவிழ்வதை அது தடுக்கவில்லை. நசுங்காமல் காத்தது.

அடுத்தது வண்டியின் பெயர். ‘அனைத்துநில ஊர்தி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. அந்தப் பெயரிலும் அதே பொய் இருக்கிறது. எல்லா நிலத்திலும் போகிற வண்டி இல்லை இது. அகலம் குறைவு, ஈர்ப்பு மையம் உயரம். இங்கே புது வண்டியில் தொங்கும் அட்டையில் அது எத்தனை பாகைச் சரிவில் பக்கவாட்டில் சக்கரத்தைத் தூக்கும் என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள். சட்டம் கேட்பது குறைந்தது 28.81 பாகை. அதுவும் மேடுபள்ளம் இல்லாத தளத்தில் வண்டி அசையாமல் நிற்கும்போது எடுத்த கணக்கு. முயல் வளை, ஈரப் புல், கேரியரில் ஏற்றிய சாமான் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

‘நாற்சக்கர வண்டி’யும் சரிப்படாது. தமிழ்நாட்டில் நான்கு சக்கர வாகனம் என்றால் கார். ‘நாலுருளி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஈருருளி, உந்துருளி என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடு சேர்ந்து உட்காரும். ஆனால் களத்தில் எவரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. கையேட்டில் முதல் இடத்தில் ‘நாலுருளி என்கிற குவாட் பைக்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு குவாட் பைக் என்றே விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தப்பாகப் புரிந்தால் ஆள் சாகிற இடத்தில்தான் வேண்டும்.

விளக்கு வைத்து நரி தேடுவதற்கு ‘ஒளிக்கற்றை வேட்டை’ என்று வந்திருக்கிறது. ‘விளக்கு வேட்டை’ போதும். இங்கிலாந்துக்காரர்களும் வெறும் விளக்கின் பேரைத்தான் வினையாக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ‘லைட் அடிக்கிறது’ என்று சொல்வோமே, அதை ஒட்டி ‘விளக்கடி வேட்டை’ என்று எழுதிப் பார்த்தேன். விளக்கின் அடிப்பாகம் என்று படிக்க இடம் கொடுக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

விளக்கைப் பொருத்துவது பற்றிய பத்தியில் சொல்லைவிடச் செய்தி முக்கியம். பழைய 100 வாட் ஹாலஜன் விளக்கு 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். குவாட் பைக்கின் பேட்டரி சின்னது, ஊர்ந்து போகும்போது சரியாகச் சார்ஜும் ஏறாது. இரவு ஒரு மணிக்கு வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி வண்டி கிளம்பாமல் நின்றுவிடும். 30 வாட் எல்இடி என்றால் இரண்டரை ஆம்பியர்தான். விளக்குக்குத் தனிக் கம்பி, நடுவில் ஓர் உருகி, அதாவது ஃபியூஸ். (இந்த ‘உருகி’ என்ற சொல்லைப் பாருங்கள். மூன்றே எழுத்து, செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது. நாம் தேடும் தரம் இதுதான்.) அப்புறம், முன் கேரியரின் கம்பிகளை மங்கலான கறுப்பில் பூச வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சம் அந்தக் கம்பியிலேயே பட்டுத் திரும்பி நம் கண்ணைக் கூசவைக்கும்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். பட்டியலில் ‘ஒளிர்விழி’, ‘ஒளிர்படலம்’ என்று இருக்கிறது. நரியின் கண் ஒளிர்வதில்லை. விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது; உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால்தான் விளக்கு நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும், விலக்கிப் பிடித்தால் தெரியாது. ‘ஒளிர்’ என்று பெயர் வைத்தால் இந்த ஒரு விவரம் படிப்பவருக்குக் கிடைக்காமலே போகும். படலத்துக்கு ‘எதிரொளிப்புப் படலம்’ என்று பள்ளிப் புத்தகச் சொல்லையே வைக்கலாம். கண்ணில் தெரிகிற அந்தப் பளிச்சுக்கு ‘கண்மினுக்கம்’. இரவில் பூனையைப் பார்த்து ‘கண்ணு மினுங்குது’ என்று சொல்லாத வீடு உண்டா?

அதோடு ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். ஆட்டுக்கும் கண் மினுங்கும், நாய்க்கும் மினுங்கும், மாட்டுக்கும் மினுங்கும். நரி நின்று பார்க்கும், தலையைத் திருப்பும், மினுக்கம் சட்டென்று அணையும், பத்தடி தள்ளி மறுபடி எரியும். ஆடுகள் பெரும்பாலும் கூட்டமாக, ஒரே உயரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் அடையாளம்தான், அத்தாட்சி இல்லை. உடம்பு முழுதாகத் தெரியாமல் சுடக்கூடாது. இங்கே இருப்பது ஐரோப்பாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்கென்று கொண்டுவந்து விட்ட செந்நரி. நம் ஊர் நரி வேறு இனம், ஓநாய்க்குச் சொந்தம். கையேட்டில் ‘செந்நரி’ என்றே எழுதுங்கள். வால் நுனி பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

‘இரவுப்பார்வைக் கருவி’ என்று இரண்டு வேறு கருவிகளுக்கு ஒரே பெயர் வந்திருப்பதையும் பிரிக்க வேண்டும். ஒன்று இருக்கிற சிறு வெளிச்சத்தைப் பெருக்குகிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு பார்க்கிறது. இன்னொன்றுக்கு வெளிச்சமே வேண்டாம், உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. பகலிலும் வேலை செய்யும். முதலாவதற்கு அந்தப் பெயர் இருக்கட்டும். இரண்டாவது ‘வெப்பங்காட்டி’. அதில் நரி தெரியும், ஆனால் நடுவே இருக்கும் மெல்லிய வேலிக் கம்பி தெரியாமல் போகலாம், தூரத்தில் நிற்பது நரியா பண்ணை நாயா என்றும் குழப்பும். பெயரில் ‘பார்வை’ இருந்தால் எல்லாம் தெரிகிறது என்று ஆள் நம்பிவிடுவான்.

துப்பாக்கி பற்றிய சொற்களில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. வண்டி நகரும்போது துப்பாக்கியின் குண்டு அறையில் குண்டு இருக்கக்கூடாது, துப்பாக்கி பெட்டிக்குள் இருக்க வேண்டும், தோளில் தொங்கவிடக்கூடாது. சுடுவதற்கு இன்ஜினை அணைத்து, இறங்கி, தாங்குகோல் வைத்துச் சுட வேண்டும். இதெல்லாம் எளிய தமிழிலேயே வந்திருக்கிறது. அறையில் குண்டு இல்லை என்று அறிவிக்கும் ‘வெற்றறை உறுதி’ என்பதை மட்டும் ‘காலி’ என்று மாற்றுங்கள். இருட்டில், காற்றடிக்கும்போது, அடுத்தவர் காதில் விழும்படி கத்த வேண்டிய சொல் அது.

ஒரே ஒரு சொல்லுக்கு எனக்கு விடை இல்லை. நரிக்குப் பின்னால் தப்பிய குண்டை வாங்கிக்கொள்ள ஒரு மேடோ மண்சரிவோ இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில், வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் நரியைச் சுடவே கூடாது. குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மண்மேட்டுக்கு ‘அடங்குமண்’ என்று எழுதிக் காட்டினேன். அடக்கம் செய்கிற நினைவு வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். அதன் பிறகு ‘பின்னணை’ என்று தோன்றியது; பின்னால் இருக்கும் மண் அணை. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்து நண்பர்களுக்கு மண் அணை என்றால் உடனே புரியும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அணை என்றால் கல்லணையும் தண்ணீரும்தான் நினைவுக்கு வருமோ என்று தயங்குகிறேன். உங்கள் ஊரில் வயல் ஓரத்து உயர்ந்த மண்மேட்டை என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்